காயலான் கடையில் ஒரு காயல்காரர்

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், கூவம் ஆற்றின் கரையையொட்டி ஒரு பேட்டை எதிர்ப்படும். புதுப்பேட்டை என்பது அதன் பெயர். பெயரில் மட்டுமே புதுமை. அங்கு விற்பனையாகும் பொருள்களில் பெரும்பாலானவை பழையவை. ஒரு கடையின் வாசலில் கார்க் கதவுகள் மட்டும் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அடுத்த கடையில் ரேடியேட்டர்கள். அதற்கடுத்த கடையில் விளக்குகள். எதிர்வரிசையில் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கிய என்ஜின்கள். காலையில் உருண்டு வரும் ஒரு பழைய வண்டி, மாலைக்குள் பல கடைகளின் சரக்காகப் பிரிந்துவிடும் என்று அங்குள்ளவர்கள் பெருமையாகவே சொல்வார்கள்.

பழைய இரும்பு வாங்கி விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் காயலான் கடை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்து வணிகர்கள் ஒரு காலத்தில் இத்தொழிலில் ஈடுபட்டிருந்ததால் வந்த பெயர் அது என்பது எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 2023ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை நானும் என் மைத்துனரும் அக்கடைகளுள் ஒன்றின் முன் போய் நின்றபோது, கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர் பாய்?" என்பதுதான். "காயல்பட்டினம்" என்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ உங்க கடைக்குத்தான் வந்திருக்கீங்க. என்ன வேணும், எடுத்துக்குங்க!" என்றார்.

எங்களுக்கு வேண்டியதைச் சொன்னோம். அவர் சிரிப்பு நின்றது. "ஹெரால்டா? அதுக்கு நான் எங்கே போறது பாய்?" என்றார்.

அந்தச் சென்னை நகரின் எல்லையில் உற்பத்தியான ஒரு காருக்கு அந்த நகரிலேயே ஓர் உதிரிப்பாகம் தேடி அலைந்த கதையைத்தான் இங்கே எழுத எண்ணுகிறேன். அதற்கு முதலில் எங்கள் ஊர்வரை வாசகர்கள் என்னுடன் வரவேண்டும்.

கொட்டகையில் உறங்கிய கார்

காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது வழக்கம். அதனால் மாப்பிள்ளைகள் மாமனார் வீட்டோடு வாழ்கிறோம். என் மாமனாரின் வீட்டுப் பின்புறத்தில் ஓலை வேய்ந்து, பிறகு தகரமிட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதனுள் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1996ஆம் ஆண்டு முதல் அசையாமல் நின்றது. நான்கு கதவுகள் கொண்ட மூன்றாம் வகை ஹெரால்டு அது. மாமா வணிகத்தின் பொருட்டுச் சென்னையில் தங்கியிருந்த காலத்தில் வாங்கி, ஊருக்கு ஓட்டி வந்தது.

இளைய வாசகர்களுக்காக இந்தக் காரைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டும். ஹெரால்டு முதலில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்தின் படைப்பு. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி வடிவம் வரைந்தார். 1959இல் அங்கே வெளிவந்தது. சென்னையில் 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1961 முதல் இதை இங்கே செய்து விற்றது. அம்பாசிடர் வங்காளத்திலும் ஃபியட் பம்பாயிலும் பிறந்தன. ஹெரால்டு வண்டலூரில் பிறந்தது. இங்கிலாந்தில் அது இரண்டு கதவுகளோடுதான் இருந்தது. நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கே உரியது.

இதன் சிறப்பு முன்மூடியில் இருக்கிறது. மற்றக் கார்களில் என்ஜினை மூடும் தகடு மட்டும் மேலே எழும். ஹெரால்டிலோ இருபக்கச் சக்கர மறைப்பும் விளக்குகளும் உட்பட முன்பகுதி முழுவதுமே முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்துகொண்டு என்ஜினில் வேலை செய்யலாம். வீட்டிலேயே பழுது பார்க்க இதைவிட வசதியான கார் இல்லை என்பார்கள். அந்த வசதியை நம்பித்தான் என் மைத்துனர் இம்முயற்சியில் இறங்கினார்.

அவர் பதினெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் குளிர்சாதன யந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், யந்திரங்களுக்கு அஞ்சாதவர். அவருக்கு ஓர் அவசரமும் இருந்தது. பேத்தி ஒருத்திக்கு மணம் பேசியாயிற்று. அவளுக்கு வீடு கட்டக் கொட்டகை நின்ற இடம்தான் உண்டு. காரை எடைக்கு எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரி இரண்டு முறை வந்து விலையும் சொல்லிவிட்டார். எண்பத்துமூன்று வயதான மாமா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், "விக்கிறதுன்னா வித்துடுங்கோ. அதுக்கு முன்னே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளே மைத்துனர் கொட்டகையைத் திறந்தார்.

அரை அங்குலமும் பதின்மூன்று மில்லிமீட்டரும்

ஹெரால்டின் என்ஜின் சிறியது. நான்கு சிலிண்டர்கள்; மொத்தக் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். ஒவ்வொரு சிலிண்டரும் 63 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். எளிய அமைப்பு. பத்து நாளில் பிரித்து, ஒரு மாதத்தில் பூட்டிவிடலாம் என்பது மைத்துனரின் கணக்கு. பிரிப்பதற்கே மூன்று மாதங்கள் ஆயின.

முதல் தடை சாவியில் வந்தது. அந்தக் காரின் திருகாணிகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. இன்று கடையில் கிடைக்கும் ஸ்பானர்களோ மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் பொருந்தியதுபோல் தோன்றும். அழுத்தித் திருப்பியதும் வழுக்கி, திருகாணித் தலையின் மூலைகளைத் தேய்த்துவிடும். மூலை தேய்ந்த திருகாணியை எடுப்பது பல்லில்லாத சீப்பால் சிக்கெடுப்பதைப் போன்றது. கடைசியில் தூத்துக்குடியில் அம்பாசிடர் கார்களிலேயே ஆயுளைக் கழித்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் இரவலாக ஒரு பெட்டி அங்குல ஸ்பானர்கள் கிடைத்தன. "திருப்பித் தரணும் தம்பி, இனிமே இது கிடைக்காது" என்று இரண்டு முறை சொல்லியனுப்பினார்.

அடுத்தது கடற்காற்று. எங்கள் ஊரில் இரும்பு என்பது துருவின் முந்தைய நிலை. காரை நிறுத்தியபோது உள்ளிருந்த தண்ணீரை எவரும் வடிக்கவில்லை. சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருந்த ஸ்டட்டுகள் துருவால் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டன. தினமும் துருவெண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி, ஒரு மாலையில் அது அசைந்தது. உள்ளே மூன்றாம் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. அதன்மேல் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பதினேழு நாள் காத்திருந்தோம். பொறுமையற்றவன் சம்மட்டியை எடுத்தால் பிஸ்டன் உடையும். சிலிண்டரில் கீறல் விழும். பிறகு எதுவும் மிஞ்சாது.

கழற்றிய உறுப்புகளைப் போட்டு வைக்க டப்பாக்கள் தேவைப்பட்டன. சமையலறை அலமாரியிலிருந்து டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தன. சீரகம் என்று எழுதிய டப்பாவில் வால்வு ஸ்பிரிங்குகளும், கடுகு என்று எழுதியதில் வாஷர்களும் கிடந்தன. என் மனைவி ஒருநாள், "வாப்பா காருக்கு உசுரு வரட்டும், வேணாங்கலே. எங்க அடுப்படிக்கு எப்போ உசுரு வரும்?" என்று கேட்டார். மைத்துனரிடம் அதற்கு விடை இல்லை.

ஆயிரத்தில் ஒரு பங்கு

என்ஜின் வேலையில் பலம் தேவைப்படும் பகுதி பிரிப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் எல்லாம் அளவுதான். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கைக் கொண்டு இந்த அளவுகள் சொல்லப்படுகின்றன. மெக்கானிக்குகள் அதை 'தௌ' என்பார்கள். நம் தலைமுடியின் தடிப்பே இரண்டு மூன்று தௌ இருக்கும்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் என்னும் வளைந்த தண்டு. அது சுழலும் இடங்களில் பிறை வடிவான உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். பேரிங் ஷெல் என்று பெயர். தண்டுக்கும் தகடுக்கும் இடையே ஓரிரு தௌ இடைவெளியில் எண்ணெய் நிற்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் எண்ணெய் அழுத்தம் போய்விடும். தண்டு தேய்ந்தால் அதைக் கடைந்து சீராக்கி, அதற்கேற்பத் தடித்த ஷெல்களைப் போடுவார்கள். 10, 20, 30, 40 என்று தௌ கணக்கில் படிப்படியாகக் கடையலாம். அத்தோடு அந்தத் தண்டின் ஆயுள் முடிந்தது.

அருகிலுள்ள நகரத்துப் பட்டறை ஒன்றில் கிராங்கைக் கொடுத்தார் மைத்துனர். "ஷெல் வாங்கி வந்தபின் கடையுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவர்களோ கடைசலுக்கு ஆள் வந்த நாளில் 20 தௌ அளவுக்குக் கடைந்து முடித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்த அளவில் ஷெல் எங்கும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் கேட்டாயிற்று. சென்னைக்குப் போவதென்று முடிவாயிற்று.

கைலிக்குள் ஒரு கிராங்க்

திருச்செந்தூரிலிருந்து எழும்பூர் செல்லும் விரைவு வண்டி எங்கள் ஊரில் நிற்கும். கிடைக்கும் ஷெல்லை அங்கேயே பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதால் கிராங்கையும் உடன் கொண்டு சென்றோம். பத்துக் கிலோவுக்குக் குறையாத அந்த இரும்பைப் பழைய கைலியில் சுற்றி, அரிசிச் சாக்கில் இட்டு, இருக்கைக்கு அடியில் வைத்தோம். எழும்பூரில் இறங்கியதும் ஒரு ரயில்வே காவலர் சாக்கைத் தொட்டுப் பார்த்து, "என்ன இது?" என்றார். மைத்துனர் கைலியை விலக்கிக் காட்டினார். காவலர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த வண்டியோடது?" என்று கேட்டார். ஹெரால்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தம் சிறுவயதில் தெருவிலிருந்த டாக்டர் ஒருவர் அந்தக் கார் வைத்திருந்தாராம். வழியும் காட்டி அனுப்பினார்.

அந்த நாள் முழுவதும் இதுவே நடந்தது. ஹெரால்டு என்ற பெயரைக் கேட்டவர்களில் பலருக்கு அதைப் பற்றி ஒரு நினைவு இருந்தது. எவரிடமும் அதற்கான பொருள் இல்லை.

புதுப்பேட்டையில் பதினோரு கடைகள் ஏறி இறங்கினோம். அங்கே பிரிக்கப்படுவன எல்லாம் பத்துப் பதினைந்து ஆண்டு வயதுடைய வண்டிகள். மாருதிக்கு வேண்டுமா, ஹூண்டாய்க்கு வேண்டுமா, உடனே கிடைக்கும். ஹெரால்டு அங்கே வந்து பிரிபட்ட காலமும் முடிந்து வெகுநாளாயிற்று. காயலான் கடைக்கும்கூட ஒரு பொருள் பழையதாகிப் போகும் என்பதை அன்றுதான் கண்டேன்.

நண்பகலுக்குப் பின் கூவம் பாலத்தைக் கடந்து, அண்ணா சாலையைத் தாண்டி, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். மோட்டார் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற சாலை அது. அங்கே ஒரு பழைய கடையில் மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கணினியைப் பார்க்கவில்லை. மேசை அறையைத் திறந்து நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்தார். விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பையன் ஏணி வைத்து மேல்தட்டில் ஏறினான். தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்று கீழே வந்தது. உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய ஷெல்கள் புத்தம்புதிதாக மின்னின. பெட்டியின் மேல் எழுதியிருந்த அளவு 30.

மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 20 தௌ தண்டுக்கு 30 தௌ ஷெல் போட முடியாது. மறுபடியும் கடைந்தால் போடலாம். ஆனால் நான்கு படியுள்ள ஆயுளில் மூன்றாம் படிக்குப் போய்விடும். "ஒரு தரம் ஓடினாப் போதும்னு செய்யற வேலை இல்லை மச்சான் இது. இனி வர்றவனுக்கும் ஏதாவது மிச்சம் இருக்கணும்" என்றார். நான், "கொட்டகை இருந்தால்தானே மச்சான் இனி வருகிறவன்?" என்றேன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

முதியவர்தான் முடிவைச் சொன்னார். "முதல்லே தண்டை அளந்து பாருங்க" என்று, சற்றுத் தள்ளியிருந்த ஒரு கடைசல் பட்டறைக்கு அனுப்பினார். அங்கிருந்த தொழிலாளி மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்தார். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டு தௌ வேறுபாடு. முன்பு கடைந்தவர்கள் சாய்வாகக் கடைந்திருக்கிறார்கள். 20 தௌ ஷெல் கிடைத்திருந்தாலும் அது சில நூறு கிலோமீட்டரில் பாழாகியிருக்கும். 30க்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை என்றார். ஆறு மாதங்களாக எந்தப் பொருளைத் தேடி அலைந்தோமோ அது கிடைக்காமல் போனதே நன்மையாயிற்று. தண்டை அவரிடம் ஒப்படைத்தோம். மறுநாள் மாலை வரச் சொன்னார்.

வண்டலூர்

கையில் ஒரு பகல் மிச்சமிருந்தது. கார் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மின்சார ரயிலேறி வண்டலூர்ப் பக்கம் போனோம். வண்டலூர் என்றால் இன்று எல்லார்க்கும் நினைவுக்கு வருவது 1985இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. அதே 1985இல்தான் ஸ்டாண்டர்டு நிறுவனம் தன் கடைசிக் காரான ஸ்டாண்டர்டு 2000ஐ வெளியிட்டது. பெரிய கார்; பெரிய விலை. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1988இல் தொழிற்சாலை நின்றது.

பெருங்களத்தூரையும் வண்டலூரையும் ஒட்டி அந்தப் பெருஞ்சாலையோரத்தில் இன்று நிற்பவை கண்ணாடி போர்த்திய அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும். இங்கே கார் செய்தார்களா என்று கேட்டபோது தேநீர்க்கடைப் பையன் எங்களை வியப்போடு பார்த்தான். அவன் பிறப்பதற்கு முன்பே சங்கு ஊதுவது நின்றுவிட்டது. சென்னையில் கார் உற்பத்தி நின்றுவிடவில்லை. அது பன்மடங்கு பெருகியிருக்கிறது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகின்றன. அதே பெருஞ்சாலையில் மறைமலைநகரில் ஃபோர்டு வந்தது. 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலைகள் வரும், போகும். அவற்றோடு அந்த வண்டியின் அளவுகளை அறிந்த மனிதர்களும் கலைந்து போகிறார்கள் என்பதே கவலைக்குரியது.

இங்கிலாந்தில் ஹெரால்டு உற்பத்தி 1971இல் நின்றது. இந்தியாவில் அதற்குப் பின்னும் அதன் வழிவந்த கேசல் என்னும் கார் 1972இல் வெளிவந்தது. முறைப்படி பார்த்தால் உதிரிப்பாகம் இங்கேதான் அதிகம் கிடைக்க வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் அந்தக் கார் வைத்திருப்போர் சங்கங்கள் அமைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பதால் சிறு நிறுவனங்கள் இன்றும் புதிது புதிதாகப் பாகங்களைச் செய்து விற்கின்றன. ஒரு பொருளின் ஆயுள் அதைச் செய்தவர்களால் மட்டும் அமைவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களாலும் அமைகிறது.

பூட்டும் படலம்

இந்த என்ஜினுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராதபடி தடுக்க, பின்பக்க பேரிங்கின் இருபுறமும் பிறை வடிவில் இரண்டு வாஷர்கள் இருக்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் தண்டு முன்னோக்கித் தள்ளப்பட, பின்புற வாஷர் தேய்ந்துகொண்டே வரும். மிகவும் தேய்ந்தால் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். அதன்பின் தண்டு என்ஜினின் உடலையே உரசித் தின்னும். வைத்திருப்போர் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்புறப் பட்டைச் சக்கரம் நகர்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நலம். இந்த வாஷர்கள் சென்னையில் கிடைக்கவே இல்லை. லண்டனிலிருந்து ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் கடித உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்.

இன்னொரு வியப்பு, இந்த என்ஜினுக்குள் மரம் இருக்கிறது! முன்பக்க பேரிங்குக்குக் கீழே எண்ணெய் கசியாமல் மூடும் ஓர் அலுமினியத் துண்டு உண்டு. அதன் இரு ஓரங்களிலும் அடித்துச் செருக வேண்டியவை இரண்டு சிறு மர ஆப்புகள். ஊர்த் தச்சர் ஒருவர் செதுக்கித் தந்தார். "காருக்குள்ளே எனக்கென்ன வேலைன்னு இத்தனை நாளா நினைச்சேன்" என்று கூலியும் வாங்க மறுத்துவிட்டார். அந்த அலுமினியத் துண்டின் திருகு மிக மென்மையானது. சற்று இறுக்கினாலும் மரை அழிந்துவிடும். அழிந்தது. புது மரை வைத்துக்கொண்டு வர ஒரு வாரம் போயிற்று.

காலம் மாறியதால் வந்த வேலைகளும் சேர்ந்துகொண்டன. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அது வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000ஆம் ஆண்டோடு நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. காற்றுக்கு அது நன்மையே. ஆனால் பழைய ஹெட்டில் கடினமான புது வளையங்களைப் பதிக்க வேண்டும். திருநெல்வேலியில் அதைச் செய்தோம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரைக் கரைத்துவிடும். ஆகவே பெட்ரோல் பம்பின் சவ்வும் குழாய்களும் மாற்றப்பட்டன.

2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் என்ஜின் மீண்டும் காரில் ஏறியது. முதல் நாள் சாவி திருப்பியபோது சுழன்றது, பற்றவில்லை. இரண்டாம் நாள் ஒரு நிமிடம் ஓடியது. துருப்பிடித்த அடைப்புத் தட்டு ஒன்று பிய்ந்து தண்ணீர் பீறிட்டது. மைத்துனர் அன்று எவரோடும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மாமாவும் கொட்டகைப் பக்கம் போகவில்லை, கேட்கவும் இல்லை. நாலாம் நாள் தட்டு மாற்றப்பட்டு, அஸர் தொழுகைக்குப் பின் மூன்றாம் முறையாகச் சாவியைத் திருப்பினார். வெண்புகை கொட்டகையை நிரப்பியது. புகைக்குள்ளிருந்து ஒரு சீரான ஓசை எழுந்து, நிற்காமல் நீடித்தது. பெண்கள் முடுக்கு வழியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். மாமா தாழ்வாரத்தில் நாற்காலியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "ஒரு வால்வு கொஞ்சம் தட்டுது, பாருங்கோ" என்றார். அது உண்மையாகவே தட்டியது.

கார் தன் காலிலேயே கொட்டகையை விட்டு வெளியே வந்தது. இப்போது மைத்துனரின் தென்னந்தோப்பில் நிற்கிறது. பின்புறத்தில் எண்ணெய் இன்னும் சொட்டுகிறது; அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 50 வயது கடந்து, மூல வடிவம் மாறாத கார்கள் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு பெறலாம்; அதற்கான தாள்களைத் தயாரிக்கும் வேலை நடக்கிறது. கொட்டகை நின்ற இடத்தில் பேத்தியின் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. எடைக்குக் கேட்ட வியாபாரி தகரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்போருக்கு

இப்படிப்பட்ட வண்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதைத் திறக்குமுன் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். நெடுநாள் நிறுத்தும்போது என்ஜினிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, ஒவ்வோர் உறையிலும் பெயர் எழுதுங்கள். புதுப் பாகம் கைக்கு வராமல் பழையதை எறியாதீர்கள். ஷெல் கிடைக்காமல் கிராங்கைக் கடைய விடாதீர்கள். கடைந்து வந்ததை வேறொருவரிடம் அளந்து பாருங்கள். ஆகும் என்று நினைக்கும் காலத்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதியவரின் கணக்குப் புத்தகம் போன்ற ஒன்று இல்லாவிட்டால், அந்த அட்டைப்பெட்டி மேல்தட்டிலேயே கிடந்து மக்கியிருக்கும். உங்கள் ஊரில் லேத்தில் நின்றவரோ, பழைய காரின் அளவுகளை மனப்பாடமாகச் சொல்லும் மெக்கானிக்கோ இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போய் உட்காருங்கள். என் மைத்துனர் இந்த என்ஜினின் எல்லா அளவுகளையும் தமிழில் எழுதி, நெகிழித்தாளில் சுற்றி, காரின் முன்பெட்டியில் வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் 30 என்ற எண் பெரிதாக இருக்கிறது. தூத்துக்குடி மெக்கானிக்கின் ஸ்பானர் பெட்டியையும் சென்ற மாதம் எண்ணெய் பூசித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.